ஒரு ஞாயிறு, ரெண்டு ஊர், ஒரு கட்டுரை

"பெரியம்மா, நான் எங்கேயுமே போகலையே. என்னத்தை எழுத?"

அரையாண்டு விடுமுறை முடிய நாலு நாள்தான் பாக்கி. என் சித்தி மகளின் பொண்ணு, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், தமிழ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'விடுமுறையில் நான் சென்று வந்த இடம்' என்ற தலைப்புக்கு மட்டும் அழகாக அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

அவள் அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. லீவு என்று பேர்தான். துணி துவைக்கணும், மாவாட்டணும், தண்ணீர் பிடித்து வைக்கணும்.

"பக்கத்துல எங்கேயாவது கூட்டிட்டுப் போயேன்" என்றேன்.

"நம்ம ஊர்ல பார்க்க என்னக்கா இருக்கு? வெயிலும் கரிசலும்தான்."

விருதுநகர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். சுற்றுலா என்றால் நமக்குக் கொடைக்கானல், குற்றாலம், திருச்செந்தூர். வெளியூர்க்காரர்களுக்கோ நம்மை ரெண்டே விஷயத்தால்தான் தெரியும். ஒன்று தீபாவளி, இன்னொன்று விபத்துச் செய்தி. நாமும் அதையே நம்பிவிட்டோம் போலிருக்கிறது.

சரி, துணி ஒரு வாரம் காத்திருக்கட்டும் என்று அந்த ஞாயிறு மூணு பேரும் கிளம்பினோம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் பாட்டில். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ல் இருந்து டிக்கெட் கிடையாது. அப்படி ஒரு பஸ் கிடைத்தால் போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

காலையில் கிளி

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோயிலைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மார்கழி வேறு, ஆண்டாள் ஊரில் கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும்!

பஸ்ஸில் வரும்போதே கோபுரம் தெரிந்துவிட்டது. 11 நிலை, 192 அடி. "இது நம்ம பாடப் புத்தகத்துல இருக்கிற கோபுரம்தானே?" என்றாள் பாப்பா. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று நாமும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். கையில் வைத்துப் படித்த படம் கண்ணெதிரே வானம் வரைக்கும் நின்றால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அண்ணாந்து பார்த்தவள் கழுத்து வலிக்கிறது என்றாள், ஆனாலும் பார்வையை இறக்கவில்லை.

பெரியாழ்வார், ஆண்டாள் என்று ரெண்டு ஆழ்வார்கள் பிறந்த ஊர் இது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள் என்பார்களே, அந்தக் கண்ணாடிக் கிணறு கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. துளசிச் செடியடியில் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்ட நந்தவனமும் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் ஓடிவந்துவிடாமல் இந்த ரெண்டையும் காட்டுங்கள்.

பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது ஆண்டாள் கையில் இருக்கும் கிளி. அது பொம்மை இல்லை. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. இன்றைக்குச் செய்தது இன்றைக்கு மட்டும்தான். நாளைக்கு வேறு கிளி. "தினமும் புதுசா பண்றாங்களா? அப்போ அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாதா?" என்று கேட்டாள் பாப்பா. வேலைக்காரி மகள் வேறு எதைக் கேட்பாள்!

வெளியே வந்து கால் கிலோ பால்கோவா வாங்கினோம். பாலும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் கிண்டிக் கிண்டி எடுக்கிற இந்த இனிப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் கிண்டுவதைப் பார்க்க முடிந்தால் பிள்ளைகளை ரெண்டு நிமிஷம் நிறுத்திக் காட்டுங்கள்.

மதியம் சங்கு

சிவகாசி திரும்பி, அங்கிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ் ஏறினோம். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் என்று ஒரு கிராமம். அங்கே 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தோண்டினார்கள். கிடைத்த பொருள்களைப் பொதுமக்கள் பார்க்கக் கண்காட்சியாக வைத்தார்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னதாய்ச் சாமான்கள். சுடுமண் பொம்மைகள், கண்ணாடி மணிகள், நூல் நூற்கும் தக்களி, சுடுமண்ணில் செய்த புகைப்பான். பாப்பா ஒரு பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, இது சில்லு! நாங்க பாண்டி விளையாடுறது!"

உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து எடுத்த சில்லு. அதேதான். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசலில் ஒரு பிள்ளை விளையாடியது.

அவள் அம்மா வேறொரு பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதில் சங்கு வளையல்கள். முழு வளையல் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உடைந்த துண்டும், அறுத்துக் கழித்த சங்குமாக இருந்தது. கடல் இங்கிருந்து வெகுதூரம். சங்கை அங்கிருந்து கொண்டுவந்து, இங்கே உட்கார்ந்து அறுத்து, வளையலாக்கியிருக்கிறார்கள். செய்து முடித்த வளையலோடு கழிவுத் துண்டும் சேர்ந்து கிடைப்பதால்தான், இங்கே ஒரு தொழில்கூடம் நடந்திருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இதுவும் குரோஸ் கணக்குக் கூலியா இருக்குமோக்கா?"

சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. ராஜா யார், காலம் என்ன என்று கேட்கவில்லை அவள். அறுத்த கைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

அவளும் அந்தக் கைதான். இவள் வயசில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அன்றைக்கு அவளிடம் யாரும் 'விடுமுறையில் சென்று வந்த இடம்' பற்றிக் கட்டுரை கேட்கவில்லை.

சுரங்கத்தைப் பார்க்க டிக்கெட்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு கடற்கரை மாவட்டம். விடுமுறை என்றால் அந்த நாட்டுக் குடும்பங்கள் குவிகிற இடம். கடற்கரை, கோட்டை, தோட்டம் எல்லாம் உண்டு. அவற்றோடு மூடிப்போன தகரச் சுரங்கங்களையும் அங்கே காட்டுகிறார்கள். அந்தச் சுரங்க நிலப்பகுதியை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கீவர் என்ற சுரங்கம் 1990-ல் மூடப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களே வழிகாட்டியாக வந்து விளக்கியதும் உண்டு. கீழே ஆண்கள் தோண்டியதும், மேலே பெண்களும் சிறுமிகளும் தாது உடைத்ததும் அந்த ஊர்க் கதையில் சேர்ந்தே வருகிறது.

நம்மிடம் அந்தக் கதை இல்லையா? 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகமும் வளர்ந்தது. இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் பாதி அந்த ஊரில் அச்சடித்ததாகத்தான் இருக்கும்.

பட்டாசு ஆலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. போகவும் கூடாது. 'சும்மா பார்த்துட்டு வர்றோம்' என்று கேட்கிற வெளியூர்ச் சொந்தங்களிடம் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஆனால் ஊர் நடுவில், மருந்து வாசமே இல்லாத ஒரு பெரிய கூடம் வேண்டும். பழைய தீப்பெட்டி லேபிள், கல் அச்சு, காலண்டர் சாமி படங்கள், வெறும் காகிதத்தில் சரம் பின்னிக் காட்டும் ஒரு அக்கா. ஒரு சுவர் முழுக்க, காலையில் வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களின் பெயர்கள். ஒரு பிள்ளை அங்கே நின்று 'எங்க அம்மா இந்த வேலைதான் பாக்குறாங்க' என்று தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். 'எங்க அம்மா பத்திரமா திரும்பி வரணும்' என்று கேட்கவும் அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் சில ஞாயிறுகள்

ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குக் கால் வலிதான் ஞாபகம் இருக்கும்.

• விருதுநகர் - திருத்தங்கல்: காமராஜர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1903 ஜூலை 15-ல் பிறந்தவர், சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டு மாமா கடைக்குப் போனவர்தான், பின்னால் ஊரெங்கும் பள்ளிக்கூடம் திறந்தார். திருத்தங்கலில் மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சிலப்பதிகாரத்தில் வார்த்திகன் கதை நடக்கிற ஊரும் இதுதான். செய்யாத குற்றத்துக்கு அவனைச் சிறையில் போட, கோயில் கதவு திறக்க மறுத்த கதை. பஸ்ஸிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் எண்ணெய் பரோட்டா உங்கள் பொறுப்பு.

• திருச்சுழி: ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் பிறந்த ஊர். பிறந்த வீடும், சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும் பக்கம் பக்கம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் ரயில் பாதையில் இருக்கிறது. ஜன்னல் சீட்டே பாதிச் சுற்றுலா.

• இருக்கன்குடி - சாத்தூர்: அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன். ஆடி வெள்ளி தவிர்த்துப் போனால் நிம்மதியாகக் கும்பிடலாம். திரும்பும்போது சாத்தூர்ச் சேவும் வெள்ளரிக்காயும்.

• மலைப் பக்கம்: ராஜபாளையம் அய்யனார் அருவி, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு, 2021-ல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். மேலே மழை மேகம் தெரிந்தால் ஓடைப் பக்கமே போகாதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிட்டது. துவைக்காத துணி அப்படியே கிடந்தது. அவள் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, பால்கோவாவைப் பிரித்தாள்.

பள்ளி திறந்த மறுநாள் நோட்டு என் கைக்கு வந்தது. கோபுரம், கிளி, சில்லு எல்லாம் எழுதியிருந்தாள். கடைசியில் ரெண்டு வரி: "சங்கு அறுத்தவர்கள் பெயர் அங்கே எழுதவில்லை. என் அம்மா சரவெடி பின்னுவார், அவர் பெயரை நான் இங்கே எழுதுகிறேன்." அடுத்து அம்மாவின் பெயர், இனிஷியலோடு.

டீச்சர் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, 'நன்று' என்று எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் போன் வந்தது. "அக்கா, திருச்சுழிக்கு ரயில் எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்லு."