அறம் கடவுளச்சத்தில் பிறந்ததா?

கடவுள் நம்பிக்கை இல்லாதவனிடத்து ஒழுக்கம் நிலைக்காது என்னும் கருத்து மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. மேலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் அச்சம் நீங்கிவிடின், மாந்தன் கொலைக்கும் களவுக்கும் கூசமாட்டான் என்பது இக்கருத்துடையார் கூற்று. இதனைச் சொல்வோருட் பலர் நல்லெண்ணத்துடனேயே சொல்லுகின்றனர். தம் மக்கள் கெட்டுவிடலாகாதே என்னும் பெற்றோர் கவலையும் இதனுள் அடங்கியுள்ளது. ஆகலின் இதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று; ஆய்ந்து விடை காண்டலே முறை.

2024-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சென்னை அரசுப் பள்ளிகள் இரண்டில் சொற்பொழிவாளர் ஒருவர் பேசினார். மாணவர்க்கு ஊக்கமூட்டுதற்கென அழைக்கப்பட்டவர் அவர். கண்ணின்றியும் கைகால் குறைந்தும் பிறப்பதெல்லாம் முற்பிறப்பில் செய்த தீவினையின் பயனே என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டிருந்த ஆசிரியருள் ஒருவர் பார்வையற்றவர். அவர் அவ்விடத்திலேயே மறுத்துக் கேட்டார். பேச்சாளரோ அவரொடு சொற்போரிட்டார். செய்தி நாடெங்கும் பரவிற்று. அடுத்த திங்களில் பேச்சாளர் தளைப்படுத்தப்பட்டார். அந்நாளில் பள்ளிக்கல்வி அமைச்சராயிருந்த திருவெறும்பூர்த் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், அவ்வாசிரியரை வெளிப்படையாகப் பாராட்டினார்.

அன்று அந்த அவையில் அறத்தின் பக்கம் நின்றவர் யார்? நம்பிக்கை நிரம்ப வைத்திருந்தவர் பேச்சாளரே. ஆயினும் ஒரு குற்றமும் செய்யாத மாந்தரைக் குற்றவாளிகளாக்க அந்நம்பிக்கையே அவருக்குக் கருவியாயிற்று. மறுத்தெழுந்த ஆசிரியர்க்கோ கடவுள் உண்டா இல்லையா என்னும் வழக்கே அங்குத் தேவைப்படவில்லை. துன்புறுவோனைப் பழித்தல் தீது என்னும் தெளிவு ஒன்றே போதியதாயிருந்தது.

இதில் அப்பேச்சாளர் ஒருவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பொய் சொன்ன குழந்தையை நோக்கிச் ‘சாமி கண்ணைக் குத்திவிடும்’ என்று அச்சுறுத்தாத வீடு தமிழகத்தில் எத்துணை? அந்த ஒரு தொடரால் குழந்தை இரண்டு பாடங்களைக் கற்கின்றது. பொய் சொல்லாமைக்குக் கரணியம் அச்சமே என்பது ஒன்று. கண்ணிழந்தவன் ஏதோ தவறு செய்தவன் என்பது மற்றொன்று. பள்ளி அவையில் முழங்கப்பட்டது, அடுப்பங்கரையில் நாள்தோறும் சொல்லப்படுவதன் விரிவுரையே.

திருவெறும்பூர்க்கே வருவோம். ஆங்குள்ள சிறு குன்றின்மேல் நிற்கும் எறும்பீசர் கோயிலைப் பாடியவர் நாவுக்கரசர். அவர் வாழ்க்கையைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். பெற்றோரை இழந்த இளமையில், மருணீக்கியார் என்னும் பெயருடனிருந்த காலத்தில், அவர் அறச்சாலை அமைத்தார், தண்ணீர்ப் பந்தல் வைத்தார், குளம் தொட்டார், சோலை வளர்த்தார், வந்தவர்க்கு விருந்தளித்தார். அதன் பின்னரே சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். அதற்கும் பின்னரே சிவனியத்திற்கு மீண்டு, உழவாரம் ஏந்தித் தொண்டு செய்தார். சமயம் இருமுறை மாறிற்று, பெயரும் மாறிற்று. ஆயின் தண்ணீர்ப் பந்தல் வைத்த கை அவற்றுக்கெல்லாம் முற்பட்டது. விடாய்த்தவனுக்கு நீர் தரவேண்டும் என்பதை அவருக்குச் சமணமும் கற்பித்திலது, சிவனியமும் கற்பித்திலது. அவ்விரக்கத்தோடுதான் அவர் சமயங்களின் வாயிலுக்கே சென்றார்.

திருவெறும்பூரினின்று சில கல் தொலைவிலுள்ள திருவரங்கமும் இதற்குச் சான்று பகர்கின்றது. அக்கோயிலைத் தலைமை தாங்கி நடத்திய இராமானுசரைப் பற்றி மாலியத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு யாவரும் அறிந்தது. திருக்கோட்டியூரில் ஆசான் ஒருவர் அவருக்கு மறைமொழி ஓதி, ‘பிறர்க்கு வெளியிட்டால் அளறு புகுவாய்’ என்று எச்சரித்தார். அவரோ கோயில் மேலேறி, கூடியிருந்தோர் அனைவரும் கேட்க அதனைக் கூறினார். ஏனென்று ஆசான் வினவியபோது, பலர் உய்யத் தாம் ஒருவர் அளறு புகுதல் நன்றே என்று விடையிறுத்தார். அறம் அளற்றச்சத்தால் விளைவதாயின், இராமானுசர் வாய் திறந்திருக்கமாட்டார். அவர் அவ்வச்சத்தை மிதித்தேறியதனாலேயே இன்றும் போற்றப்படுகின்றார். நம்பிக்கையாளருள்ளும் உயர்ந்தோர் அச்சத்தால் உயர்ந்தாரல்லர்.

அதே திருவரங்கத்தில், 236 அடி உயர்ந்த அரச கோபுரத்திற்கு எதிரே நிறுவப்பெற்ற பெரியார் சிலை 2006 திசம்பரில் சிதைக்கப்பட்டது. தீவைப்பும் உடைப்பும் செய்தற்குச் சமயப்பற்று தடையாகாமை உலக வரலாறு நெடுகக் காணப்படுவது. இதன் மறுபுறத்தையும் சொல்லுதல் கடன். கடவுளை மறுத்தவன் என்பதனாலேயே ஒருவன் சான்றோனாகிவிடான். கையூட்டு வாங்கும் இறைமறுப்பாளனும் உளன். வாங்கியதிற் பங்கை உண்டியலில் இடும் அடியவனும் உளன். ஒழுக்கத்தை அளக்கும் கோல் கோயில் வாயிலில் இல்லை என்பதே இதனாற் போதருவது.

‘யாரும் காணாத இடத்தில் மாந்தனைத் தடுப்பது எது?’ என்பர். இவ்வினாவுக்கு விடை திருவெறும்பூர்த் தொழிலகத்திலேயே கிடைக்கும். 1960-களில் தொடங்கப்பெற்ற மிகுமின் தொழிலகம், அனல்மின் நிலையங்கட்கு உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்து தருவது. அவற்றின் குழாய்களை இணைப்பது பற்றவைப்பு. பற்றவைப்பு உள்ளே பழுதுபட்டிருப்பினும் மேற்பார்வைக்குத் தெரியாமற் போகலாம். அழுத்தம் ஏறிய நாளில் குழாய் வெடித்தால், முன்பின் அறியாத தொழிலாளி ஒருவன் வெந்து மடிவான். அவனை எண்ணிச் செவ்வனே செய்பவன் நெற்றியில் நீறிட்டவனாகவும் இருக்கலாம். சிலுவை அணிந்தவனாகவும், தொழுகைக்குச் செல்பவனாகவும், எதனையும் வணங்காதவனாகவும் இருக்கலாம். அவன் உள்ளத்தில் நிற்பது தன்னைப் போன்ற இன்னோர் உயிரின் முகம். அம்முகமே மனச்சான்று. அது வாய்க்காதவனுக்காகவே ஊடுகதிர் ஆய்வும் சட்டமும் உள்ளன.

சட்டமும் இவ்வுண்மையைத் தயங்கித் தயங்கியே ஒப்புக்கொண்டது. 1880-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற சார்லசு பிராட்லா, இறைமறுப்பாளர் என்பதனால் இருக்கையில் அமரவிடப்படவில்லை. மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தனுப்பினர். 1886-இல்தான் அவர் முறைப்படி அமர முடிந்தது. அவர் முயற்சியால் 1888-இல் கடவுள் பெயரின்றி உறுதிமொழி கூறும் உரிமை சட்டமாயிற்று. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டு ஆணைமொழிச் சட்டப்படி, சான்று கூறுவோன் கடவுள்மீது ஆணையிடலாம். அன்றி, வெறும் உறுதிமொழியும் கூறலாம். இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே; பொய்ச்சான்றுக்கு ஒறுப்பும் ஒன்றே. வாய்மைக்கு இறைநம்பிக்கை இன்றியமையாததாயின், இச்சட்டம் இயங்கியே இராது.

கொலை தீதென்பது கடவுள் விலக்கியதனாலா, அன்றி அது தீதாதலின் கடவுள் விலக்கினாரா? முன்னதாயின், நாளை அவர் பெயரால் எவனேனும் கொல்லச் சொன்னால் கொலையும் அறமாகிவிடும். அங்ஙனம் ஆகாதென்று நம்பிக்கையாளரே மறுப்பர். மறுக்கும் அக்கணத்திலேயே, சமயத்தையும் நிறுத்துப் பார்க்கும் துலாக்கோலாக அறத்தை அவர் கையிலெடுத்து விடுகின்றார்.

தமிழர்க்கு இது புதிதன்று. திருக்குறள் கடவுள் வாழ்த்தொடு தொடங்கினும் எச்சமயத்தின் பெயரையும் சொல்வதில்லை. அதனாலன்றோ பல சமயத்தாரும் அதனைத் தமதென்கின்றனர்! அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் விரிவாகக் கற்பிக்க வேண்டுமென்று 2016-இல் உயர்முறைமன்ற மதுரைக் கிளை அறிவுறுத்தியது. கற்பிக்கும் முறையே இனிக் கருதத் தக்கது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் அறம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும். இன்னது ஏன் தீது, அதனால் யார் புண்படுகின்றார் என்று மாணவனே வினவி விடை காணுமாறு கற்பித்தல் வேண்டும்.

இறைவனை வணங்குவோர் வணங்குக. அஃது அவரவர் உரிமை. வணங்காதோர் வணங்காதொழிக, அதுவும் உரிமையே. ஆனால் தமிழ்ப் பெற்றோரே, தமிழாசிரியர்களே! பொய் சொன்ன பிள்ளையிடம் சாமி கண்ணைக் குத்தும் என்னாதீர்கள். உன் சொல்லை நம்பியவன் இதனால் என்ன துன்பமுற்றான் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளை, அச்சம் தெளியும் அகவையிலும் அறத்தைக் கைவிடாது. கண்ணற்றவனைக் கண்டவிடத்து அவன் பழவினையைத் தேடாது. கைகொடுத்துச் சாலை கடத்திவிடும்.