பழைய ரேடியோவும் வியாபாரியின் நாணயமும்

பழைய சாமான்களை வாங்கி விற்பது இப்போது ஒரு நல்ல தொழிலாகிவிட்டது. அலுமாரி, மணிக்கூடு, ரேடியோ என்று தேடி மன்னார்த் தீவுக்கும் ஆட்கள் வருகின்றார்கள். நம்மவர்களும் இதில் இறங்கியுள்ளனர். நல்லதுதான். ஆனால் பொருளின் பெறுமதி ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்த வியாபாரத்தில் அநியாயம் நடப்பது மிக இலகு.

சில மாதங்களுக்கு முன் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர், இடுப்பளவு உயரமான ரேடியோப் பெட்டியொன்றை ஓட்டோவில் ஏற்றி என் திருத்தக் கடைக்குக் கொண்டுவந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவரது வீட்டில் இருந்தவையெல்லாம் போய்விட்டன. அதற்கு முன்பே புத்தளத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்த இந்தப் பெட்டி மட்டும் மிஞ்சியது. “தம்பி, இரும்புக்காரன் மூவாயிரம் தாறன் எண்டான். நீங்க கூடத் தருவீங்களா?” என்று கேட்டார்.

பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே பழைய பீல்ட் கொயில் ஸ்பீக்கர், கூம்பு கிழியாமல் இருந்தது.

இதன் அருமையை நமது வியாபாரிகள் அறிய வேண்டும். கடதாசிக் கூம்பும் அசையும் சுருளும் கொண்ட ஒலிபெருக்கியை 1925 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெலொக் என்ற இருவர் செம்மைப்படுத்தினர். அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதிதான் கொழும்பு வானொலியும் ஆரம்பமானது. வலிமையான நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடைக்காத காலம் அது. ஆகவே செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, ரேடியோவின் மின்சாரத்தையே அதில் செலுத்திக் காந்தமாக்கினார்கள். அந்தச் சுருளே மின்சாரத்தின் இரைச்சலையும் வடிகட்டியது. அதைக் கழற்றிவிட்டு இன்றைய ஸ்பீக்கரை வெறுமனே பூட்டினால் ரேடியோ வேலை செய்யாது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இப்படியொரு ரேடியோவில் சுருள் எரிந்திருந்தது. புதிய ஸ்பீக்கரும் ஒரு ரெசிஸ்டரும் பூட்டிப் பாட வைத்தேன். வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. “எல்லாம் ஒறிஜினலா?” என்று அவர் கேட்டபோது தலையாட்டினேன். ஒரு மாதத்தில் அவர் திரும்பி வந்தார். பணத்தைக் கொடுத்தேன். ஆனால் அவர் மறுபடி என் கடைப்பக்கம் வரவேயில்லை.

நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் அறிந்ததே. ரேடியோவின் பின்பலகையும் அப்படியான ஒரு குவியல்தான். விற்கும்போது குறையைச் சொல்வது எப்படிக் கடமையோ, அறியாதவரிடம் வாங்கும்போது பெறுமதியைச் சொல்வதும் அப்படியே என்பது என் கருத்து.

வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். பல வருடம் கிடந்த ரேடியோவை உடனே மின்சாரத்தில் செருகாதீர்கள். பழைய கண்டன்சர்கள் கெட்டிருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். ரேடியோ அணைந்திருக்கும்போது ஸ்பீக்கரின் பின்புறம் திருப்புளியைப் பலமாக இழுத்தால் அது நிரந்தரக் காந்தம். மாற்றிய பாகங்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள்.

அந்தத் தாயாரிடம் உள்ளதைச் சொன்னேன். இரும்பு விலைக்குக் கொடுக்க வேண்டாம், திருத்தி விற்றால் பல மடங்கு கிடைக்கும், என் கூலி இவ்வளவு என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப திருத்தித் தாங்க தம்பி, விக்கயில்ல” என்றார். எனக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. ஆனால் அதன் பிறகு அவர் ஊரிலிருந்து மூன்று பேர் திருத்த வேலை கொண்டு வந்துவிட்டார்கள். பரக்கத் என்பது இப்படித்தான் வருகிறது.