மலிவாகத் தருகிறார்களே, ஏன்?



கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்ததிலிருந்து, "என்ன கம்பெனி, எத்தனை ஜிபி?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் எதைப் பழகப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி என்று அமெரிக்கப் பேராசிரியர் நெக்ரோபான்டே கிளம்பினார். உள்ளே ஏஎம்டி சிப், லினக்ஸ் மென்பொருள். இன்டெல் சும்மா இருக்குமா? 'கிளாஸ்மேட்' என்று தன் மலிவுக் கணினியைக் கொண்டுவந்தது. 2007 ஜூலையில் அவர் அமைப்பிலேயே சேர்ந்து, 2008 ஜனவரியில் வெளியேறியது. மாணவருக்குக் கணினி வாங்கித் தரும் அரசுகளுக்கு விண்டோஸும் ஆபீஸும் சேர்த்து 3 டாலர்தான் என்று 2007 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

இதைத் தர்மம் என்று நினைக்காதீர்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது வியாபாரிகளுக்கும் தெரியும். பள்ளியில் 3 டாலருக்குப் பழகியவர், வேலைக்குப் போனதும் முழு விலை கொடுத்து அதையே வாங்குவார்.

நம்மிடம் மாற்று இல்லாமல் இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-லேயே வந்துவிட்டது. தமிழிலும் வேலை செய்யலாம், காசும் கிடையாது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். சொல்லித்தர ஆள் வேண்டாமா? கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகிறார்கள்.

"சார், வேலைக்கு விண்டோஸ்தானே கேட்கிறார்கள்?" என்பீர்கள். விண்டோஸை விடச் சொல்லவில்லை, இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ்தான். நம் அடையாறு பக்கத்து ஐஐடியில் 'சக்தி' என்ற சிப்பையே வடிவமைத்துவிட்டார்கள். அவர்களைப் போல உருவாக்குகிறவராக வேண்டுமானால், உள்ளே திறந்து பார்க்க விடும் மென்பொருளில் கை பழக வேண்டும்.

லட்சக்கணக்கில் வாங்கும் அரசு, விலையில் மட்டும் பேரம் பேசினால் போதாது. ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கணினியில் பாஸ் இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். வாரம் ஒருநாள் அதில் உட்காருங்கள். பழகியதும் அதிலேயே தமிழில் நாலு வரி எனக்கு எழுதுங்கள். ஒற்றுப்பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்தித் தருவேன்!

ஆசிகளுடன்,
உங்கள் சார், மயிலாப்பூர்