புல்தரைக்கு உரமிடும் முன்

கோவை அடுக்ககங்களில் புல்தரைப் பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. புல் வெளுத்தால் உடனே யூரியா மூட்டை வந்து இறங்குகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. காய்ந்த தரையில் அள்ளி வீசிவிட்டுத் தண்ணீர் விடாமல் போனால் புல் கருகும். பெருமழைக்கு முன் வீசினால் கரைந்து வடிகாலுக்கும் கிணற்றுக்கும் போகும். புல் வெளுப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரோ, களர் மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காததோ, வேரில் தேங்கும் தண்ணீரோகூடக் காரணமாக இருக்கலாம். அதற்கெல்லாம் யூரியா மருந்தல்ல.

ஆளை அழைக்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். பல இடங்களில் மேல்மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். முடிவு கையில் இருந்தால் ஒப்பந்தக்காரரிடம் பேசும் தைரியமே வேறு. பரப்பளவையும் அளந்து வையுங்கள். என்ன உரம், எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குங்கள். களைக்கொல்லி கலப்பாரா என்றும் கேளுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. பதில் சொல்லத் தயங்குபவருக்கு வேலை தரவே கூடாது.

குடியிருப்போர் சங்கங்கள் இந்த ஆண்டு ஒப்பந்தத்திலேயே மண் பரிசோதனையை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகி, கோவை