தெற்கே போ, கண்ணு



கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவதிகையிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தோடு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீடு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். வாசலில் வேப்பமர நிழல். உள்ளே, ஜன்னலைச் சாத்தி ஹாலை இருட்டாக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள் அண்ணன் மகள். ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிற பெண். கையில் பழைய பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலர். திரையில் பச்சைப் புல்வெளி, நடுவில் தங்கக் கவசக் குதிரைமேல் தங்கக் கவசம் போட்ட ஒருவன். இவள் ஓடிப்போய் வாளை வீசினாள். அவன் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டான். திரை இருண்டு, நீ செத்துப்போனாய் என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி போனாள், மறுபடி அதே எழுத்து. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான் பழத்தை அரிந்து சுளை எடுத்து முடிப்பதற்குள் 11 தடவை செத்திருந்தாள்.

"விடு அத்தை, இதெல்லாம் எனக்கு வராது" என்று கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டாள்.

அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. பதினேழு வயதுப் பெண் 'எனக்கு வராது' என்று சொல்லிப் பழகக் கூடாது. அதுவும் வராத விஷயத்துக்கு அல்ல, வழி தெரியாத விஷயத்துக்கு. சுளைக் கிண்ணத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த விடுமுறை இதழின் ஆசிரியர் பக்கத்தில், அன்று அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் இதே கேமோடு மல்லுக்கட்டும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேமின் பெயர் எல்டன் ரிங். டோக்கியோவில் இருக்கும் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியிட்டது. இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. அந்த உலகத்தின் பழங்கதையை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதையும் வாங்கியது. வெளியான புதிதில் நானும் வாங்கினேன். இதழை அச்சுக்கு அனுப்பிவிட்டு, ஊர் அடங்கிய பிறகு உட்கார்ந்து பல மாதம் ஆடியிருக்கிறேன். பரந்த நாடு, எந்தத் திசையிலும் போகலாம், எங்கே போனாலும் நம்மைவிடப் பெரிய ஒன்று நிற்கும். எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்க இதில் இடமே கிடையாது. நடுவில் நிறுத்தி வைக்கப் பாஸ் பட்டனும் இல்லை. 'சாப்பிட வா' என்று கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து வராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பதை அம்மாக்கள் தயவுசெய்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சுவரும் இருக்கிறது, மொழி. எத்தனையோ மொழிகளில் வந்த இந்த கேமில் தமிழ் இல்லை. இருக்கிற ஆங்கிலமும் பழைய நடை ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஒரு பொருளின் குறிப்பை வாசிப்பதே தனிப் போராட்டம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி சொன்னால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும். நம் மொழி கேம்களில் வரவே வராது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. டொராண்டோவிலிருந்து 2023-இல் வந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே கேமாக்கியது. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து, விட்டுப்போன படியை நாமே ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். பாஃப்டாவில் அறிமுகக் கேமுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. பெரிய வாள்வீச்சு கேம்களுக்கும் தமிழ் வரும் நாள் வரட்டும். அதுவரை இப்படி ஒரு பக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேம் தொடங்கியதும் பல கைகளோடு ஒரு கோரமான உருவம் வந்து அடித்துப் போடும். அங்கே தோற்பதுதான் கதை. நீங்கள் தோற்ற பிறகுதான் கேமே தொடங்குகிறது. என் மருமகள் அதிலேயே மனம் விட்டுப்போயிருந்தாள். அடுத்து கண் விழிக்கும் இடத்தில், பக்கத்திலேயே தரையில் ஒரு பள்ளமும் அதன் விளிம்பில் ஓர் ஆவி உருவமும் இருக்கும். பயந்துகொண்டு பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குதியுங்கள். அடி படாது. பதுங்குவது, கேடயத்தால் தடுப்பது, உருள்வது என்று அடிப்படை எல்லாம் கற்றுத் தரும் பயிற்சிக் குகை அது.

யாராக ஆடுவது என்று முதலில் கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் வேகபாண்டை எடுப்பது நல்லது. நல்ல கவசம், கேடயம், வாள், உயிர்பலமும் அதிகம். ரெட்ச் என்பவன் ஒரு கட்டையோடு வெறும் உடம்பில் வருவான், அவன் பக்கம் இப்போது போக வேண்டாம். கூடவே ஒரு நினைவுப் பொருள் தருவார்கள், அதில் கோல்டன் சீடை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியில் ஒரு மடக்கு கூடும்.

இப்போது தங்கக் குதிரைக்காரனிடம் வருகிறேன். ட்ரீ சென்டினல் என்று பெயர். கதவைத் திறந்து வெளியே வந்ததும் கண்ணில் படுகிற முதல் பெரிய எதிரி. வாசலிலேயே நிற்கிறானே, இவனை முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி என்று எல்லாரும் நினைக்கிறோம். பள்ளிக்கூடம் நம்மை அப்படித்தானே பழக்கியிருக்கிறது, முதல் பாடம் முடித்தால்தான் இரண்டாம் பாடம். இந்த கேம் அப்படிக் கட்டப்படவில்லை. சுற்றிப் போகத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவன் ரோந்து போகும் தடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதுகைத் திருப்பியதும் மரங்களின் ஓரமாக நழுவிவிடுங்கள். எதிரே கூரை இடிந்த ஒரு சர்ச் தெரியும். சர்ச் ஆஃப் எல்லே. உள்ளே காலே என்ற வியாபாரி தீ மூட்டி உட்கார்ந்திருப்பான். அவனிடம் 300 ரூன் கொடுத்துக் கைவினைப் பெட்டியை வாங்குங்கள். பக்கத்திலேயே ஆயுதம் தீட்டும் பட்டறை மேசையும் உண்டு. கல் கிடைக்கக் கிடைக்க வாளை +3 வரை அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம்.

அங்கிருந்து வடக்கே சாலை போகும் இடத்தில் இடிந்த ஊர் ஒன்று, வீரர்கள் காவல் நிற்பார்கள். கேட்ஃப்ரன்ட். ஒவ்வொருவராகப் பின்னால் பதுங்கிப் போய்க் குத்துங்கள், கூட்டத்துக்குள் பாய வேண்டாம். சாலையோரக் கல்தூணில் வரைபடம் கிடைக்கும். பக்கத்தில் பொன்னிற ஒளி மினுங்கும் இளைப்பாறும் இடத்தில் உட்கார்ந்தால் மெலினா என்ற பெண் வருவாள். லெவல் ஏற்றும் வழியையும் டாரண்ட் என்ற குதிரையையும் அவள்தான் தருவாள். குதிரை கிடைத்த பிறகு, இரவு நேரமாகப் பார்த்து மறுபடி அந்தச் சர்ச்சுக்குப் போங்கள். ரென்னா என்ற நீலநிறச் சூனியக்காரி ஒரு மணியும் மூன்று ஓநாய் ஆவிகளும் தருவாள். தனியாக ஆடும் பிள்ளைக்கு அந்த ஓநாய்கள் பெரிய துணை.

ரூன் என்பது பணமும் அதுதான், லெவல் ஏற்றும் பொருளும் அதுதான். செத்தால் கையிலிருந்த அத்தனையும் செத்த இடத்தில் விழும். போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் போனது போனதுதான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடும்போது பெரிய பாம்பு விழுங்கினால் அடிக்கட்டத்துக்கே போய்விடுவோமே, அந்த வயிற்றெரிச்சல் இதிலும் உண்டு. பரமபதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு, விட்டதை மீட்க ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் கை நிறைய ரூன் சேர்ந்ததும் தெரியாத குகைக்குள் நுழையாதீர்கள். திரும்பிப் போய்ச் செலவழித்துவிட்டு வாருங்கள். எதில் செலவழிப்பது? விகர். உயிர்பலம். வாள் பலத்தைக் கூட்டத்தான் கை துறுதுறுக்கும். விகர் 20 ஆகும்வரை மற்றதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம் என்பது என் அனுபவம். ஒரு அடியில் சாகிறவர் எதிரியின் அடுத்த அடி எப்படி வரும் என்று ஒருநாளும் பார்க்க முடியாது. இரண்டு அடி தாங்கினால்தான் மூன்றாவதைப் படிக்கலாம்.

சுமையையும் பாருங்கள். உடம்பிலுள்ள கவசமும் ஆயுதமும் தாங்கும் அளவில் 70 சதவீதத்தைத் தாண்டினால், உருளும்போது மூட்டை விழுவது மாதிரி விழுவீர்கள். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தாலும் பரவாயில்லை, உருளல் லேசாக இருக்கட்டும்.

இனி அன்று அவளிடம் நான் முக்கியமாகச் சொன்னது. அந்த இளைப்பாறும் இடங்களின் பொன்னொளி காட்டும் திசை வடக்கே ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகிறது. கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி நிற்கிறான். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் நேரே அவனிடம் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "தெற்கே போ, கண்ணு" என்றேன். நாம் ஆடத் தொடங்கும் லிம்கிரேவுக்குத் தெற்கே ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் வீப்பிங் பெனின்சுலா என்று மழைத்தூறல் விழுகிற ஒரு தீபகற்பம். அங்கே எதிரிகள் கொஞ்சம் சாது. மூன்று சர்ச்சுகளில் மூன்று சேக்ரட் டியர் கிடைக்கும். ஒவ்வொன்றும் மருந்துக் குப்பியின் வீரியத்தைக் கூட்டும். வரைபடத்தில் தெரியும் சின்னக் குகை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று காத்திருக்கும். ஒரு வாரம் தெற்கில் சுற்றித் திரும்பினால், அதே வடக்கு வேறு மாதிரி தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும். லிம்கிரேவ் ஏரிக்கரையில் டிராகன் எரித்த இடிபாடுகளின் அடித்தளத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் புகை கிளம்பி, கேலிட் என்ற அழுகிய சிவப்பு நாட்டின் சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். போய்ச் சேர்ந்துவிட்டால் சண்டை வேண்டாம், வெளியே வரும் வழி தேடி ஓடுங்கள். வெளியே வந்ததும் வரைபடத்தைத் திறந்து ஊர் திரும்பிவிடலாம்.

மார்கிட்டைப் பற்றிக் கேட்டாள். அவன் தடியை ஓங்கியதும் நாம் பதறி உருள்கிறோம். அவன் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி வைத்து, நாம் எழுந்து நின்ற பிறகு அடிக்கிறான். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்தபோது எங்கள் ஊர்க் கோயில்தான் கைகொடுத்தது. கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானம், சிவன் முப்புரம் எரித்த தலம். சின்ன வயதில் இவளைத் தோளில் தூக்கி, தேர் மாதிரி நிற்கும் அந்த விமானத்தின் சுதைச் சிற்பங்களைக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறேன். மூன்று கோட்டைகளும் வானத்தில் பறந்துகொண்டே இருக்கும். மூன்றும் ஒரே கோட்டில் வரும் அந்த ஒரு நொடியில்தான் ஒரே அம்பால் அடிக்க முடியும். அம்பே விடாமல் சிரித்தே எரித்தார் என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் அதுவரை தேரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ அவன் கை மேலே போகும்போது உருளக் கூடாது, கீழே இறங்கும்போது உருளணும்?"

"ஆமா. உருண்டு எழுந்து ஒரு வெட்டு. ரெண்டாவது வெட்டுக்கு ஆசைப்படாதே."

கன்ட்ரோலரை எடுத்தாள். மரங்களின் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்காரன் அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவி ஓடினாள். சர்ச்சின் தீ வெளிச்சம் முகத்தில் பட்டதும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரலில் பலாப்பிசின் ஒட்டியிருந்தது.

போன ஞாயிறு போன் செய்தாள். மூன்று சேக்ரட் டியரும் எடுத்தாயிற்றாம், விகர் 18. மார்கிட்டிடம் இன்னும் போகவில்லை. "அந்தத் தங்கக் குதிரைக்காரன் இன்னும் அங்கேயேதான் சுத்திக்கிட்டிருக்கான் அத்தை" என்றாள். "இருக்கட்டும். இன்னும் நாலு லெவல் ஏறிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்."

அன்புடன்,
ஆசிரியர்