நம்பிக்கையும் அன்பும் கூடிவாழ்தலும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்த ஊர் பரங்கிப்பேட்டை. மகுமூதுபந்தர் என்பது அதன் மற்றொரு பெயர். முன்னது மேலைநாட்டு வணிகர் வந்திறங்கியதை நினைவூட்டுகின்றது. பின்னது இசுலாமிய வணிகரின் கடலோடும் வாழ்வை நினைவூட்டுகின்றது. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என எத்தனையோ பேர் இத்துறைமுகத்தில் பண்டகசாலை அமைத்தனர், பின்னர் அகன்றனர். பள்ளிவாசல்களும் தர்காக்களும், ஆதிமூலேசுவரர் திருக்கோயிலும், மாதா கோயிலும் இன்றும் ஒரே ஊரின் காற்றைச் சுவாசித்து நிற்கின்றன.

கிறித்தவ இல்லத்தில் பிறந்து, இசுலாமியப் பெருமக்கள் நடத்தும் கல்லூரியில் தமிழ் பயின்ற நாம், இம்மலருக்கு எழுதப் பணிக்கப்பட்டபோது முதலில் எண்ணியது இவ்வூரையே. "தன் சமயமே மெய் என்று உறுதியாக நம்பும் ஒருவன், அவ்வாறு நம்பாத அயலாரிடம் முழுமையான அன்பு செலுத்த இயலுமா?" என்னும் வினா நெடுநாளாக நம் உள்ளத்தை உறுத்தி வருவது. இயலாது என்பாரும் உளர். நம்பிக்கையைச் சற்றே தளர்த்தினால்தான் இயலும் என்பாரும் உளர். இவ்விரு கூற்றையும் நாம் ஏற்கவில்லை. ஏற்காமைக்குரிய காரணங்களை இக்கடற்கரை வரலாறே நமக்குத் தருகின்றது.

நம்பிக்கை

பரங்கிப்பேட்டையிலிருந்து கடற்கரையோடு தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தரங்கம்பாடி. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் அங்கே ஓர் இளைஞர் வந்திறங்கினார். செருமனி நாட்டுப் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அவர் பெயர். அவருக்கு 24 வயது நிரம்ப ஒருநாளே எஞ்சியிருந்தது. டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக் அவரையும் புளுட்சோ என்பாரையும் கிறித்தவம் பரப்பும் பொருட்டு அனுப்பியிருந்தார்.

கற்பிக்க வந்த அவர் முதலில் கற்க வேண்டியவரானார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். இம்மண்ணின் மக்களைப் பற்றித் தம் நாட்டார் கொண்டிருந்த தாழ்வான எண்ணம் பிழையென்பதை அச்சுவடிகளே அவருக்கு உணர்த்தின. 1708இல் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய நூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தமிழர்க்கு வினாக்கள் விடுத்து அவர்கள் வரைந்த விடைமடல்களையும் தம் நாட்டிற்கு அனுப்பி வைத்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு குறித்து விரிவான நூலொன்றையும் எழுதி முடித்தார்.

அந்நூலுக்கு நேர்ந்த கதி எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆலே நகரில் சமயப்பணிக்குத் தலைமை வகித்த பிராங்கே, அதனை அச்சிட மறுத்துவிட்டார். பிற சமயங்களை அகற்ற அனுப்பப்பட்டவர் அவற்றை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. எழுதியவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 1867இல், சென்னையில் அந்நூல் அச்சேறியது. தரங்கம்பாடியிலும் அவர்க்கு இடர் குறைவில்லை. தம் சமயத்தவரேயான டேனிய ஆளுநரோடு முரண்பட்டமையால் 1708ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நான்கு திங்கள் சிறையில் இருந்தார்.

சீகன்பால்கு தம் நோக்கத்தை மறைத்தவர் அல்லர். மக்கள் தம் சமயத்தைத் தழுவ வேண்டும் என்றே இறுதிவரை விரும்பினார். பிற சமயங்களைக் கடிந்தும் எழுதினார். இதனை மறைத்து அவரைச் சமரசவாதியாக்கிக் காட்டுவது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும். எனினும் தம் நம்பிக்கையில் உறுதியாக நின்ற அவர், அயலாரின் நூல்களைத் திறந்து பார்க்க அஞ்சவில்லை. அஞ்சியவர் கடலுக்கு அப்பால் இருந்தவர். அயலானை அருகிருந்து அறிந்தவர்க்கு அறிவு பெருகியது. தொலைவில் இருந்தவர்க்கு அச்சம் பெருகியது. பிற சமய நூலைப் படித்தால் தம் மக்களின் பற்றுக் குறையுமோ என அஞ்சும் பெற்றோர் எல்லாச் சமயத்திலும் உளர். ஒரு நூலைப் படித்த அளவில் சரிந்துவிடும் பற்று, படிக்காத அளவில் மட்டும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி யாது?

அன்பு

தமிழைப் பொறுத்தவரை, சமயங்கள் ஒன்றையொன்று சந்தித்த இடம் பெரும்பாலும் புலவர் அவையே. நபிகள் நாயகத்தின் திருவரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கிய உமறுப்புலவர்க்குத் தமிழாசிரியராக விளங்கியவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் என்னும் இந்துப் பெருமகனார். சீறாப்புராணம் இயற்றக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணைநின்றார். அவர் மறைவிற்குப் பின் புலவரை ஆதரித்தவர், இதே பரங்கிப்பேட்டையைச் சார்ந்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர். இவ்வூரின் கொடை இல்லையேல் தமிழிலக்கியம் ஒரு பெருங்காப்பியத்தை இழந்திருக்கக் கூடும் என்பதைச் சிதம்பரம், கடலூர்ப் பகுதி மாணவர் எத்தனை பேர் அறிவர்? அதே சோழ மண்டலத்தில் 1726இல் இத்தாலிய நாட்டு வீரமாமுனிவர் தேம்பாவணியை நிறைவு செய்தார்.

நூலளவில் நின்ற அன்பு வாழ்விலும் விளங்கியதற்குச் சான்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826 முதல் 1889 வரை வாழ்ந்த அவர் கத்தோலிக்கக் கிறித்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடிய அவர், தம் திருச்சபையை விட்டு ஒருநாளும் விலகினார் அல்லர். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்தம் உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியவர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவிட்டார். அதனைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் போற்றிப் பாடியவர், சிதம்பரத்தையே உயிராகக் கொண்ட நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருட்டிண பாரதியார் ஆவார். ஒரு சிவனடியார் ஒரு கிறித்தவரைப் பாடியதற்குக் காரணம் சமயவாதம் அன்று, கஞ்சி. இதைவிடத் தெளிவாக அன்பினை விளக்கும் உரை நாம் அறிந்ததில்லை.

கூடிவாழ்தல்

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறித்துமசுக்கு மறுநாள். தேவாலயங்களில் காலை வழிபாடு நிகழ்ந்த வேளையில் ஆழிப்பேரலை கரையேறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த புதுப்பேட்டை, புதுக்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு முதலிய மீனவர் குப்பங்கள் சிதைந்தன. கரையிலிருந்து ஊர் நோக்கி ஓடிவந்த மீனவ மக்களை எதிர்கொண்டு தாங்கியது பரங்கிப்பேட்டை முசுலிம் சமாஅத்து. தங்க இடம் தந்தது. நாள்தோறும் உணவு சமைத்து வழங்கியது. இறந்தோர் உடல்களை மீட்டு அடக்கம் செய்வதிலும் அவ்வூர் இளைஞர்கள் முன்னின்றனர். அடைக்கலம் பெற்றவர்களில் மிகப்பெரும்பாலோர் இந்துக்கள். எவருடைய சமயத்தையும் வினவி அங்கே சோறு பரிமாறப்படவில்லை.

"என் அயலான் யார்?" என்று வினவிய ஒருவனுக்கு இயேசுபெருமான் கூறிய கதை யாவரும் அறிந்ததே. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் ஆலய ஊழியனும் கண்டும் காணாமற் போயினர். யூதர்கள் விலக்கி வைத்திருந்த சமாரியன் ஒருவனே அவனைத் தூக்கிக் காயம் கட்டினான். அக்கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நாம், அதன் பொருளைப் பரங்கிப்பேட்டையில்தான் முழுமையாக உணர்ந்தோம். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பதை நபிகள் நாயகம் கண்டித்திருப்பதை அச்சமாஅத்தார் ஏட்டில் வைத்திருக்கவில்லை. மக்கத்துக் கொடுமைக்கு ஆற்றாது முதன்முதலில் புலம்பெயர்ந்த முசுலிம்களுக்கு அபிசீனியாவின் கிறித்தவ மன்னர் நசாசி அடைக்கலம் தந்ததை இசுலாமிய வரலாறு நன்றியோடு போற்றுகின்றது. அடைக்கலம் தருவது ஒரு சமயத்தின் தனிச்சொத்து அன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாகும்.

ஆயினும் இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையுடையோர் ஆகோம். பிற சமயத்தாரோடு கூடிவாழ்தலைப் பற்றிப் பேசுவது எளிது. தம் சமயத்துக்குள்ளேயே கூடிவாழ்ந்தனரா என்று கேட்டுக்கொள்வது கடினம். சீகன்பால்கு நட்ட தரங்கம்பாடி மரபில் வளர்ந்த சபைகளிலும் சாதிவாரியான இருக்கைகள் நெடுங்காலம் நீடித்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையைத் திருச்சபையிலிருந்து அறவே நீக்குமாறு ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். சாதியை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்றும் தமிழகத்தில் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தோர்க்கு இடையேயும் சாதிச்சுவர் நிற்பதை நாம் அறிவோம். உயிர்த்தெழுதலை நம்புவோர், உயிர்த்தெழும் இடத்தையும் பிரித்து வைத்திருக்கும் முரண் எத்தகையது! இந்நிலையில் பிற சமயத்தாரை நோக்கி அன்பைப் பற்றி உரையாற்றக் கிறித்தவராகிய நமக்கு என்ன தகுதி உண்டு என்னும் கேள்வி நம்மைத் தலைகுனிய வைக்கின்றது. பிற சமுதாயப் பெரியோர்களும் தத்தம் இல்லத்தை இவ்வாறே ஒருமுறை நோக்குதல் தகும். அதனை அவர்களே செய்தல் வேண்டும். நாம் சுட்டிக்காட்டுவது முறையன்று.

இனிச் செய்யத்தக்கன

பேரலை நாளில் ஒன்றுகூடுவதற்குப் பேரலை வேண்டியிருந்தது. பேரலை இல்லாத நாளில் ஒன்றுகூடுதலே அரிது. விழா நாள்களில் இனிப்பும் பிரியாணியும் பரிமாறிக்கொள்வது நல்வழக்கமே, அதனைக் குறைகூறோம். ஆனால் அடுத்த தெருவில் ஒரு சாவு விழுந்தால் அவ்வீட்டு வாயிலில் சென்று நிற்கத் தயங்காமையே கூடிவாழ்தலின் அளவுகோல் எனக் கருதுகிறோம். பழங்காலத்தில் மாமன், மச்சான் என்று முறைசொல்லி அழைத்துக்கொண்ட குடும்பங்கள், இன்று ஒருவர்க்கொருவர் பெயரும் அறியாமல் அருகருகே வாழ்வதைக் காண்கிறோம்.

கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. சீறாப்புராணத்தை முசுலிம் மாணவர்க்குரியதென்றும், தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் கிறித்தவ மாணவர்க்குரியனவென்றும் ஒதுக்காமல், ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர் நடத்திட வேண்டும். கடிகைமுத்துப் புலவர்க்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு? அன்றியும், பேரலை நாள்களில் சோறு சமைத்தோரும் உண்டோரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளை மாணவர்கள் குப்பங்களுக்கும் தெருக்களுக்கும் சென்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அபுல் காசிம் மரைக்காயரின் கொடையை உமறுப்புலவர் பாடி வைத்தமையால் அறிகிறோம். 2004இல் அடுப்பு மூட்டிய பெயரறியாப் பலரின் கொடையைப் பாடி வைக்கப் புலவர் இலர். எழுதி வைக்கவேனும் மாணவர் வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு நம் விடை இதுவே. நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டு பிறரை நேசிக்க வேண்டியதில்லை. வேதநாயகர் கிறித்தவராகவே கஞ்சி வார்த்தார். பரங்கிப்பேட்டைச் சமாஅத்தார் முசுலிம்களாகவே சோறு பரிமாறினர். நாமும் கிறித்தவராகவே இருந்து, இக்கல்லூரியில் உமறுப்புலவரைக் கற்றோம். கற்ற கடனைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. அதனை முதலில் நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பதையும் நாம் மறக்கவில்லை.