கொல்லிமலையில் மேப் தடுமாறினால் சூரியனைத் திட்டலாமா?

காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்குப் போகிறவர்கள், பாதி வழியில் மொபைலை உதறிப் பார்ப்பதுண்டு. மேப்பில் நீலப்புள்ளி நின்றுவிடும். இல்லையென்றால் பள்ளத்துக்குள் குதித்துவிடும். பெரும்பாலும் மலைச்சரிவும் டவர் இல்லாததும்தான் காரணம். ஆனால் அந்தப் புள்ளியைத் தடுமாற வைக்க இன்னொரு ஆளும் இருக்கிறார்: சூரியன்.

ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது. வழியில் அயனி மண்டலத்தைக் கடக்க வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு அருகே, பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும், சிக்னல் மினுக்கும். இதற்குப் புயலே வேண்டாம், சில மாதங்களில் சாதாரண சாயங்காலமே போதும். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது சும்மா இல்லை.

சுற்றுலாப் பயணிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, ஒரு வளைவைத் தவறவிடுவார், அவ்வளவுதான். சென்டிமீட்டர் கணக்கில் ஜிபிஎஸ்ஸை நம்பித் தொழில் செய்பவர் நிலைமை வேறு. 2024 மே 10-11 சூரியப் புயலின்போது அமெரிக்காவில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகள் பலர், வழி பிசகிய டிராக்டர்களை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். இந்தியாவில் பாதிப்பு குறைவு. புயல் அதிகாலையில் வந்ததும், அப்போது இங்கே அயனி மண்டலம் முழுதாக உருவாகாமல் இருந்ததும் காரணம் என்றது இஸ்ரோ. நேரம் நமக்குக் கைகொடுத்தது. அதையே நம்பி இருக்க முடியுமா?

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். விண்வெளி வானிலைக்குச் செலவு செய்யச் சொல்கிறவர்கள் முதலில் எடுக்கிற உதாரணம் இதுதான். ஆனால் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டின் மின்கட்டமைப்புக் கதையை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. நம் பணம் மாட்டிக்கொண்டிருப்பது செயற்கைக்கோள், விமானம், டிரோன் சர்வே பக்கம்.

சரி, செலவு எவ்வளவு? ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 378 கோடி ரூபாய். 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து 2024 ஜனவரி முதல் அது சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியக் காற்று அங்கே வந்ததும் தெரிந்துவிட்டால், பூமியைத் தொடுவதற்குள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அவகாசம் கிடைக்கும்.

அவகாசம் மட்டும் போதாது. 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 பாழாயின. வந்தது சின்னப் புயல். எச்சரிக்கையும் முன்பே வெளியாகியிருந்தது. முன்னறிவிப்பு பணமாக மாறுவது, அதைக் கேட்டு ஒருவர் வேலையைத் தள்ளிவைக்கும்போதுதான்.

நாம் பின்தங்கியிருப்பது இந்த இடத்தில். விமானங்களுக்கு விண்வெளி வானிலை எச்சரிக்கை தரும் சேவை 2019-ல் தொடங்கியது. அதைத் தரும் நான்கு சர்வதேச மையங்களில் அமெரிக்கா இருக்கிறது, ஐரோப்பிய நாடுகள் இருக்கின்றன, சீனா-ரஷ்யா இருக்கின்றன, இந்தியா இல்லை. கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்களை வைத்திருக்கும் நாடு இது! கனமழை வந்தால் மலையடிவாரக்காரரின் மொபைலுக்கு எச்சரிக்கை வருகிறது. ‘நாளைக்கு ஜிபிஎஸ்ஸை நம்பாதீங்க, சர்வேயை ஒருநாள் தள்ளிப் போடுங்க’ என்று டிரோன் ஓட்டுபவருக்கும் அப்படி ஒரு மெசேஜ் போக வேண்டும். இன்னொரு செயற்கைக்கோளுக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது.